வாய் சொல்வது ஒன்று, சுருக்குப் பை சொல்வது ஒன்று!

மக்கள் எதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள்? வட ஆற்காட்டு வீடுகளில் கணக்கு எடுத்த பொருளாதார நிபுணர்கள்

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது, கீழ்பென்னாத்தூர்.

நெல்லும் கரும்பும் விளையும் பூமி. மானாவாரியில் மல்லாட்டை விளையும். ஏரி நிரம்பினால் ஊர் சிரிக்கும். ஏரி காய்ந்தால் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

அந்த ஊரில் ஒரு வீட்டை மனக்கண் முன் கொண்டு வாருங்கள்.

காலை நேரம். "கொஞ்சம் கூழு ஊத்தும்மா" என்கிறாள் ஆயா. "போ ஆயா! எனக்கு இட்லிதான் வேணும்" என்கிறான் பேரன். "எனக்குச் சோறு போடு, கழனிக்கு நேரமாச்சு" என்கிறான் மகன்.

மருமகள் அடுப்பின் முன்னால் நிற்கிறாள். அவளுக்கு என்ன வேண்டும்?

அதை யாரும் கேட்கவில்லை.

"இது என்ன பெரிய விஷயம்? எல்லா வீட்டிலும் நடப்பதுதானே?" என்று தோன்றும். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தை ஆராய்வதற்காகவே, கடல் கடந்து இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்!

பொருளாதாரம் என்றால் பாங்கியும் பங்கு மார்க்கெட்டும் மட்டும் அல்ல. கையில் இருப்பது கொஞ்சம், தேவையோ அதிகம். எதை எடுப்பது, எதை விடுவது? இந்தக் கேள்விதான் பொருளாதாரம். அது பிறக்கும் இடம், சமையல் கட்டு!

தூசி கிராமம்

இந்த ஆராய்ச்சி நேற்று தொடங்கியது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக இங்கிலாந்தில் இருந்து வந்தவர், கில்பர்ட் ஸ்லேட்டர். வந்த ஆண்டு, 1915.

அவர் மாணவர்களிடம் ஒரு கேள்வித் தாளைக் கொடுத்தார். "ஊருக்குப் போங்கள். யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு கடன், எப்படிப் பிழைப்பு என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பினார்.

மாணவர்கள் எழுதி வந்தது 1918-ம் ஆண்டில் புத்தகமாக வந்தது. அதில் உள்ள ஊர்களில் ஒன்று, தூசி. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில், காஞ்சீபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமம்.

தூசியை அதோடு விட்டுவிடவில்லை. 1930-களில் மறுபடி போய்க் கணக்கு எடுத்தார்கள். 1980-களிலும் போனார்கள். ஒரே ஊர், ஒரே கேள்வி. பதில் மட்டும் மாறிக்கொண்டே வந்தது!

காரில் வந்த பெண்

1969-ம் ஆண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்து ஓர் இளம் பெண் காரில் புறப்பட்டார். நாடு நாடாகக் கடந்து டெல்லிக்கே வந்து சேர்ந்தார். இமயமலையில் ஏற வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அவர் பெயர் பார்பரா. பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி ஆய்வுத் துறைப் பேராசிரியையாக விளங்கிய பார்பரா ஹாரிஸ்-ஒயிட் இவர்தான்.

மலை ஏற வந்தவரைச் சமவெளி பிடித்துக்கொண்டது!

1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நடத்தின. புது ரக நெல் வந்த பிறகு மக்களின் வாழ்க்கை எப்படி மாறியது? இதுதான் கேள்வி. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று, அன்றைய வட ஆற்காடு மாவட்டம். கீழ்பென்னாத்தூரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது 1989-ல்தான்.

அந்தக் குழுவில் பார்பராவும் இருந்தார். பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் போன ஆரணியை அவர் எடுத்துக்கொண்டார். ஆரணி, கீழ்பென்னாத்தூருக்கு வடக்கே உள்ள ஊர். அரிசி எந்தக் கழனியில் விளைகிறது, எந்த மில்லில் அரைக்கப்படுகிறது, யார் கை மாறிப் போகிறது என்று ஆராய்ந்தார்.

ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறவர் அல்ல அவர். 1973-ல் எடுத்த கணக்கை 1983-ல் மறுபடி எடுத்தார். 1993-ல் மறுபடி எடுத்தார். அதன் பிறகும் வந்தார். ஆரணியின் நாற்பது ஆண்டு மாற்றத்தைப் பற்றிய புத்தகம் 2015-ல் வெளிவந்தது.

இரண்டு சாட்சிகள்

ஒருவருக்கு எது பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாயைத் திறந்து கேட்பது. இரண்டாவது, அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது.

"சத்தான சாப்பாடு வேண்டுமா?" என்று கேட்டால், "வேண்டும்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சந்தையில் சுருக்குப் பையை அவிழ்க்கும்போது கை எதை எடுக்கிறது? அதுதான் உண்மையான விருப்பம் என்றார், அமெரிக்கப் பொருளாதார மேதை பால் சாமுவேல்சன். அவர் இதை எழுதியது 1938-ல்.

ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

அங்கே கிராமத்துப் பெண்கள் ஊற்றுகளில் தண்ணீர் எடுக்கிறார்கள். சில ஊற்றுகளைச் சிமெண்டு போட்டு மூடி, குழாய் வைத்து, அழுக்கு சேராமல் செய்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த வீடுகளில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு சுமார் கால் பங்கு குறைந்தது.

நல்ல ஊற்று சற்றுத் தூரத்தில் இருந்தால் எத்தனை நிமிடம் கூடுதலாக நடப்பார்கள்? அதைக் கணக்கிட்டார்கள். வாயால் சொன்ன மதிப்பு அதிகம். கால் நடந்து காட்டிய மதிப்பு மிகவும் குறைவு! இந்த ஆராய்ச்சி 2011-ல் வெளிவந்தது. இதை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் அந்தப் பெண்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லையா?

அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. தலையில் குடம், இடுப்பில் பிள்ளை, வீட்டில் காய்கிற அடுப்பு. பத்து நிமிடம் என்பது அவளுக்குப் பெரிய செலவு! சுருக்குப் பை பொய் சொல்லாது. ஆனால் அது முழு உண்மையையும் சொல்லாது.

ஆறினால் விறைக்கும் சோறு

வட ஆற்காட்டுக்குத் திரும்புவோம்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் ஒரு புது நெல்லை வெளியிட்டது. பெயர், ஐ.ஆர்.8. குட்டைப் பயிர். உரம் போட்டாலும் சாயாது. விளைச்சலோ அமோகம்!

ஆனால் சோறு? ஆறினால் விறைத்துப் போகும். மணி பார்வையாக இல்லை. மார்க்கெட்டில் விலையும் மட்டம்.

பஞ்ச காலம் அது. அரிசி கிடைத்தால் போதும் என்றுதான் நிபுணர்கள் நினைத்தார்கள். ஆனால் பசி உள்ளவனுக்கும் நாக்கு உண்டு! 1969-ல் வெளிவந்த ஐ.ஆர்.20 நல்ல அரிசியாக இருந்தது. அதைத் தமிழ்நாட்டு விவசாயிகள் விரும்பி ஏற்றுக்கொண்டார்கள்.

கேம்பிரிட்ஜ் குழு கிராமங்களில் நேரில் கணக்கு எடுத்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. புது ரக நெல் இத்தனை ஏக்கரில் நடப்பட்டது என்று அரசாங்கப் புள்ளிவிவரம் காட்டியதே, அதைவிட மிகக் குறைவாகத்தான் நிலத்தில் இருந்தது! காகிதத்தைப் பார்ப்பதற்கும் கழனியைப் பார்ப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

வயிறு நிறைந்தது

பத்து ஆண்டு கழித்து, 1983-84-ல், அதே கிராமங்களுக்கு மறுபடி போனார்கள். இந்தத் தடவை பீட்டர் ஹேசல் என்ற பொருளாதார நிபுணரும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ராமசாமியும் முன்னின்று நடத்தினார்கள். அவர்களுடைய புத்தகம் 1991-ல் வந்தது.

சிறு விவசாயியின் உண்மை வருமானம் நூற்றுக்கு 90 வீதம் உயர்ந்திருந்தது. நிலம் இல்லாத கூலிக்காரரின் வருமானம் நூற்றுக்கு 125 வீதம் உயர்ந்திருந்தது. சாப்பாட்டையும் கணக்கிட்டார்கள். ஏழை வீடுகளில் சாப்பாட்டின் அளவும் கூடியிருந்தது, புரதச் சத்தும் கூடியிருந்தது.

எல்லாம் நெல் செய்த மாயம் அல்ல என்று மறுத்தவர்களும் உண்டு. வயலுக்கு வெளியே கிடைத்த வேலைகளும் வருமானத்தைக் கூட்டின என்று அவர்கள் சொன்னார்கள்.

எப்படியோ, கூழ் குடித்த வீட்டில் நெல்லுச் சோறு வந்தது. ஒரு காலத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் பார்த்த வெள்ளைச் சோறு, தினசரிச் சாப்பாடு ஆயிற்று. 2011 ஜூன் மாதம் முதல் ரேஷன் அரிசியும் தமிழ்நாட்டில் இலவசம் ஆயிற்று.

"என் பிள்ளை நெல்லுச் சோறு தின்கிறான்" என்று சொல்வதில் ஒரு தாய்க்கு எவ்வளவு பெருமை! அது வெறும் ருசி அல்ல. மரியாதை.

வெள்ளை மோகம்

ஆனால் மரியாதைக்கு ஒரு விலை இருந்தது.

அரிசியை அதிகமாகத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டாக்டர் இதற்குத் துப்பு கண்டார். தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. தவிடு கொடுத்ததும் எழுந்து நடந்தன! 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் பாட்டிமார் நெல்லை அவித்துப் புழுங்கல் அரிசி ஆக்கினார்கள் அல்லவா? அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. காரணம் தெரியாமலே செய்த நல்ல காரியம் அது!

கேழ்வரகையும் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை.

இதற்கிடையில் உடல் உழைப்பும் குறைந்தது. ஏற்றம் போய் மோட்டார் வந்தது. நடை போய் பஸ் வந்தது. இந்தியக் கிராமங்களில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் சாப்பாடு, 1983-ல் சராசரியாகச் சுமார் 2,240 கலோரி. 2004-05-ல் அது சுமார் 2,050 கலோரியாகக் குறைந்தது. பணம் கூடியிருந்தும் சாப்பாடு குறைந்தது ஏன்? ஆங்கஸ் டீட்டன், ஜீன் டிரேஸ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2009-ல் இதை ஆராய்ந்தார்கள். பாடுபடுவது குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆனாலும் நோஞ்சான் குழந்தைகள் அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாகவே இந்தியா இருக்கிறது என்றும் எச்சரித்தார்கள்.

இன்னொரு பக்கம் சர்க்கரை நோய்! இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக, 2023-ல் வெளியான பெரிய ஆய்வு கூறியது.

இப்போது டாக்டர் சொல்கிறார், "அரிசியைக் குறையுங்கள், கேழ்வரகு சாப்பிடுங்கள்" என்று. அந்த நாளில் ஏழைக்கு வேறு வழி இல்லாமல் கிடைத்த கேழ்வரகு, இன்று பட்டணத்துக் கடைகளில் அழகான பாக்கெட்டில் நல்ல விலைக்கு விற்கிறது!

தமிழ்நாட்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023-ல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். "விரும்பிச் சாப்பிடுங்கள்" என்று சொன்னால் மட்டும் போதாது. பொருள் கைக்கு எட்ட வேண்டும். அப்போதுதான் விருப்பத்துக்கு அர்த்தம் உண்டு.

கிணறு சொன்ன பதில்

சோற்றுக் கணக்கோடு தண்ணீர்க் கணக்கும் சேர்ந்தே வரும். ஒரு கிலோ நெல் விளைய, மழைத் தண்ணீரையும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் தேவை என்பது நிபுணர்கள் போட்ட கணக்கு.

கேம்பிரிட்ஜ் குழுவில் மத்தும பண்டார என்ற இலங்கை அறிஞரும் இருந்தார். அவர் வட ஆற்காட்டுக் கிணறுகளை ஆராய்ந்தார். பம்பு செட் பெருகப் பெருக, நிலத்தடி நீர் இறங்குகிறது என்று 1970-களிலேயே எச்சரித்தார்.

ஆனால் எந்த விவசாயி நெல்லை விடுவான்? பக்கத்துக் கழனிக்காரர் போர் போட்டால் இவரும் போட வேண்டும். இல்லாவிட்டால் இவர் கிணறு வற்றிப்போகும். 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். அது சிறு விவசாயியைக் காப்பாற்றியது. அதே சமயம், இறைக்கிற தண்ணீருக்கு விலை இல்லாமலும் போயிற்று.

"ஏரியும் கிணறும் நிறைந்திருக்க வேண்டுமா?" என்று கேட்டால், "வேண்டும்" என்பது வாய் சொல்லும் பதில். மோட்டார் ஸ்விட்சைத் தட்டும் கை சொல்லும் பதில் வேறு. தனி மனிதனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. எல்லோரும் சேர்ந்து கட்டுப்பட்டால் ஒழிய, ஒருவன் மட்டும் கட்டுப்பட்டால் அவன்தான் நஷ்டப்படுவான்.

ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும்

தண்ணீரை மிச்சம் பிடிக்க வழி இல்லாமல் இல்லை. "திருந்திய நெல் சாகுபடி" என்று ஒரு முறை இருக்கிறது. இளம் நாற்றை ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு நடுவார்கள். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்க மாட்டார்கள். காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவார்கள்.

பார்பரா அம்மையாரும் அவருடைய தோழர்களும் இந்த முறையைப் பற்றி நடத்திய ஆராய்ச்சி 2016-ல் வெளிவந்தது. விளைச்சல் கூடுகிறது. தண்ணீர் மிச்சம் ஆகிறது. உலகத்தைச் சூடாக்கும் வாயுவும் குறைகிறது. எல்லாம் நல்லதுதான்!

ஆனால் அவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். "கூலி வேலை என்ன ஆயிற்று?"

வேலை நாள் குறைந்திருந்தது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள் செய்கிற வேலை. அந்த வேலைதான் குறைந்தது. தண்ணீரை மிச்சம் பிடித்த முறை, நிலம் இல்லாத பெண்ணின் கூலியையும் மிச்சம் பிடித்துவிட்டது!

அதற்காக நல்ல முறையைக் கைவிட வேண்டுமா? வேண்டாம். ஆனால் வேலை இழந்தவளுக்கு வேறு வழி காட்டிவிட்டுச் செய்ய வேண்டும். ஊருக்கு லாபம் என்று சொல்லும்போது, அந்த ஊரில் அவளும் ஒருத்தி என்பதை மறக்கக் கூடாது.

கடைசிப் பிடி

பார்பரா அம்மையாரின் ஆராய்ச்சி வீட்டு வாசலோடு நிற்கவில்லை. சோற்றுப் பானைக்குள்ளும் எட்டிப் பார்த்தது.

"இந்த வீட்டுக்கு மாதம் இத்தனை கிலோ அரிசி" என்று எழுதிவிட்டால் கணக்கு முடிந்துவிடுமா? வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு? இந்தியாவிலும் பக்கத்து நாடுகளிலும் நடந்த பல ஆராய்ச்சிகளைத் திரட்டி, 1990-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பசி வீட்டுக்குள் சமமாகப் பங்கு போடப்படுவது இல்லை. வயதுக்கும், ஆண் பெண் என்பதற்கும், ஊருக்கும் ஏற்றபடி மாறுகிறது. பெண் குழந்தைக்கு ஓரவஞ்சனை வடக்கே அதிகம், தெற்கே குறைவு என்று அது காட்டியது.

குறைவு என்றால் இல்லை என்று அர்த்தம் அல்ல. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல சர்வேயில், தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்த சோகை இருப்பது தெரியவந்தது.

பள்ளிக்கூடச் சாப்பாட்டைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். தமிழ்நாட்டின் மதிய உணவையும் குழந்தைகளின் சத்துக் குறைவையும் பற்றிய அவருடைய புத்தகம் 1991-ல் வந்தது. காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் தேதி விரிவாக்கிய சத்துணவு, 2022-ல் தொடங்கிய காலை உணவு. இந்த மூன்றுக்கும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்கே ஆண் பிள்ளைக்கு முதல் தட்டு, பெண் பிள்ளைக்கு மிச்சம் என்பது கிடையாது. வரிசையில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஒரே கரண்டி!

மறுபடி அந்தக் கீழ்பென்னாத்தூர் வீட்டுக்குப் போவோம்.

ஆயா கூழ் குடித்துவிட்டாள். பேரன் இட்லி தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டான். மகன் கழனிக்குப் போய்விட்டான். இப்போதுதான் மருமகள் உட்கார்கிறாள். பானையில் அடியில் இருக்கிற பழைய சோறு. ஒரு மிளகாய்.

"பழையதுதான் எனக்குப் பிடிக்கும்" என்கிறாள் அவள்.

சுருக்குப் பைக் கணக்கு அதைத்தான் "விருப்பம்" என்று எழுதும். ஆனால் பானையில் வேறு என்ன இருந்தது என்று கேட்டவர்தான் நல்ல பொருளாதார நிபுணர்.

அதைக் கேட்க ஆக்ஸ்போர்டில் இருந்து ஆள் வர வேண்டும் என்பது இல்லை. இன்று இரவு சாப்பிட உட்காரும்போது வீட்டில் இருக்கிறவர்களே கேட்கலாம்.

"உனக்கு என்ன வேணும்?"